ஹார்ட்னர் இறக்குமதி: டர்பன் துறைமுகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

எபாக்சி தரைப்பூச்சு, ஃபைபர் கிளாஸ், இரண்டு டப்பா கார் பெயின்ட், ரப்பர் வார்ப்பு என்று எந்தத் தொழிலானாலும், அதை இறுகவைக்கும் பொருள் இல்லாமல் வேலை நடக்காது. எபாக்சிக்காரர் அதை ஹார்ட்னர் என்பார். ஃபைபர் பட்டறையில் கேட்டலிஸ்ட் என்பார்கள், ரப்பர் ஆலையில் ஆக்சிலரேட்டர். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஜேக்கப்ஸ், மொபெனி, பிராஸ்பெக்டன் பக்கம் வேலைக்குச் சேர்ந்த நம்மவர் பலரும், தனியாகத் தொழில் தொடங்கும்போது இந்த டிரம்களைத்தான் முதலில் இறக்குமதி செய்கிறார்கள். ஆனால் சுங்க அட்டவணையில் ‘ஹார்ட்னர்’ என்று ஒரு தலைப்பே கிடையாது. இன்வாய்ஸில் அந்த ஒரு சொல்லை மட்டும் எழுதி அனுப்பும் சரக்கு துறைமுகத்தில் நிற்கும். டிரம்முக்குள் என்ன இருக்கிறது, எந்த அளவில் கலந்திருக்கிறது, எப்படிக் கட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்ற மூன்றும்தான் வரியைத் தீர்மானிக்கின்றன.

ஆர்டர் போடும் முன்பே கேட்க வேண்டியது

விலை பேசும்போதே தயாரிப்பாளரிடம் முழுச் சேர்மானத்தைக் கேளுங்கள். ஒவ்வொரு பொருளின் வேதிப் பெயர், சிஏஎஸ் எண் (உலகம் முழுக்கப் பொதுவான இரசாயன அடையாள எண்), எடையில் எத்தனை சதவீதம், எதற்காகச் சேர்த்தது என்ற நான்கும் வேண்டும். சரக்கின் ஆபத்துகளைச் சொல்லும் பாதுகாப்புத் தாள் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. அந்தத் தாளின் 3-ஆம் பகுதியில் ஆபத்தான பொருள்கள் மட்டுமே இருக்கும், அதுவும் பெரும்பாலும் ‘25 முதல் 50 சதவீதம்’ என்று அகலமான வரம்பாகத்தான் இருக்கும். தொழில் ரகசியம் என்று தயாரிப்பாளர் தயங்கினால், உங்களிடம் சொல்லாமல் கிளியரிங் ஏஜென்டுக்கோ சுங்கத் துறைக்கோ நேரடியாக அனுப்பச் சொல்லுங்கள். கம்பெனி லெட்டர்ஹெட்டில் கையெழுத்திட்ட கடிதமாக வரட்டும். முன்பணம் கட்டிய பிறகு கேட்டால் பதில் மெதுவாகத்தான் வரும்.

தரைப்பூச்சுக்கு வரும் ஒரு ஹார்ட்னரை எடுத்துக்கொள்வோம். தாளில் ஐசோஃபோரோன் டைஅமீன், பென்சைல் ஆல்கஹால், கொஞ்சம் சாலிசிலிக் அமிலம் என்று மூன்று பெயர்கள் இருக்கின்றன. எபாக்சியோடு வினைபுரிவது முதலாவது. இரண்டாவது கலவையை நீர்க்கவைத்து, ரோலரில் பரவச் செய்கிறது. மூன்றாவது இறுகுவதை விரைவுபடுத்துகிறது. ஐசோஃபோரோன் டைஅமீன் தனியாக, சுத்தமாக வந்தால் அது சுங்க அட்டவணையில் கரிம இரசாயனங்களுக்கான அத்தியாயம் 29-இல், எண் 2921.30. இந்த மூன்றும் கலந்து வந்தால் அத்தியாயம் 29-ஐ விட்டு வெளியேறி, வேறெங்கும் சொல்லப்படாத இரசாயனக் கலவைகளுக்கான 3824.99-க்குப் போகும்.

காரணம் அத்தியாயம் 29-இன் முதல் குறிப்பில் இருக்கிறது. தனித்து வரையறுக்கப்பட்ட சேர்மங்களுக்குத்தான் அந்த அத்தியாயம். தயாரிப்பில் தங்கிய அசுத்தம் இருக்கலாம், தண்ணீரில் கரைந்திருக்கலாம், கெடாமலிருக்க நிலைநிறுத்தி சேர்த்திருக்கலாம். வேறு கரைப்பானில் கரைந்திருந்தாலும், அது பாதுகாப்புக்காகவும் போக்குவரத்துக்காகவும் மட்டுமே செய்த வழக்கமான முறையாக இருந்து, ஒரு குறிப்பிட்ட உபயோகத்துக்கு அந்தச் சரக்கைச் சிறப்பாகப் பொருத்தாதவரை சரிதான். நம் உதாரணத்தில் பென்சைல் ஆல்கஹாலைச் சேர்த்தது தரையில் பூசுவதற்காக. விக்டோரியா தெரு மார்க்கெட்டில் மஞ்சள்தூளும் மசாலாப் பொடியும் பக்கத்துப் பக்கத்துச் சாக்கில் இருந்தாலும் சுங்க அட்டவணையில் அவற்றுக்கு வேறு வேறு எண்தான். இங்கேயும் அதே கணக்கு.

எந்தக் குடும்பம், எந்த எண்

இறுகவைக்கும் பொருள்களில் இரண்டு வகை உண்டு. சில ரெசினோடு வினைபுரிந்து, இறுகிய பொருளின் ஒரு பாகமாகவே ஆகிவிடும். அமீன்கள், அன்ஹைட்ரைடுகள், ஐசோசயனேட்டுகள் எல்லாம் இப்படி. சில வினையைத் தொடங்கிவைப்பதோடு சரி. பாலியெஸ்டர் ரெசினுக்கு ஊற்றும் பெராக்சைடு அப்படிப்பட்டது. கலக்கும் விகிதத்தைப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்: ரெசினில் ஒன்றிரண்டு சதவீதம் மட்டும் ஊற்றினால் அது தொடக்கி, நூறுக்கு முப்பது ஐம்பது என்று கலந்தால் அது வினைபுரியும் பொருள். வினைத் தொடக்கிகள், விரைவூக்கிகள், வினையூக்கித் தயாரிப்புகளுக்கான 3815 என்ற தலைப்பு இரண்டாம் வகைக்குத்தான். விற்பனைத் தாளில் கேட்டலிஸ்ட் என்று இருக்கிறதே என்பதற்காக அமீன் ஹார்ட்னரை 3815-இல் போடாதீர்கள்.

சுத்தமான எத்திலீன் டைஅமீனுக்கு 2921.21, டைஎத்திலீன் ட்ரைஅமீனுக்கு 2921.29. பவுடராக வரும் டைசயன் டைஅமைடுக்கு 2926.20 என்று தனி எண்ணே இருக்கிறது. தாலிக் அன்ஹைட்ரைடு 2917.35.

பாலியமைடு ஹார்ட்னர்கள்தான் தலைவலி. பிளாஸ்டிக்குகளுக்கான அத்தியாயம் 39-இன் 3-ஆம் குறிப்பின்படி, செயற்கைப் பாலிமர் என்று சொல்ல வேண்டுமானால் சராசரியாகக் குறைந்தது 5 மோனோமர் அலகுகளாவது (பாலிமர் சங்கிலியின் கண்ணிகள்) இருக்க வேண்டும். இருந்தால் 3908.90. இல்லாவிட்டால் பெரும்பாலும் 3824.99. அமீனை எபாக்சியோடு முன்கூட்டியே கொஞ்சம் வினைபுரிய வைத்து விற்கும் அடக்ட் வகைகளிலும் இதே கேள்வி எழும். இதைத் தயாரிப்பாளரின் ஆய்வகம்தான் சொல்ல முடியும். சேர்மானக் கடிதத்திலேயே சராசரி மோனோமர் எண்ணிக்கையையும் எழுதச் சொல்லுங்கள்.

பாலியூரித்தேன் பக்கம் வந்தால், டொலுவீன் டைஐசோசயனேட் போன்ற சுத்தமானவை 2929.10. ஃபோம் தயாரிப்பவர்கள் இறக்கும் பழுப்பு நிறப் பாலிமெரிக் எம்டிஐ என்ற ஐசோசயனேட் 3909.31. கார் பெயின்ட் ஹார்ட்னர்கள் கரைப்பானில் கரைந்து வருவதால் இன்னொரு விதியையும் பார்க்க வேண்டும்: 3901 முதல் 3913 வரையுள்ள பொருள், ஆவியாகும் கரிமக் கரைப்பானில் கரைந்திருந்து, அந்தக் கரைப்பான் கரைசலின் எடையில் 50 சதவீதத்தைத் தாண்டினால், அது பெயின்ட் தலைப்பான 3208-க்கு மாறிவிடும். 48 சதவீதமா 52 சதவீதமா என்பது வரியையே மாற்றக்கூடும் என்பதால்தான் துல்லியமான சதவீதம் வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

ஃபைபர் கிளாஸ்காரர்களின் எம்இகேபி, அதாவது மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு, வேதிப் பெயரின்படி 2909.60-இல் வருவது. ஆனால் சுத்தமாக அதை யாரும் அனுப்புவதில்லை, வெடித்துவிடும். தாலேட் எண்ணெய் போன்ற ஒன்றில் கரைத்துத்தான் வரும். கரைத்தது பாதுகாப்புக்காக மட்டுமா, அல்லது இறுகும் நேரத்தைக் கட்டுப்படுத்த வேறு பெராக்சைடுகளும் சேர்ந்த ஒரு தயாரிப்பா என்று பார்க்க வேண்டும். முதலாவதென்றால் 2909.60-க்கு வாதாட இடமுண்டு, இரண்டாவதென்றால் 3815.90. பென்சாயில் பெராக்சைடுக்கு 2916.32 என்ற எண் இருக்கிறது. புட்டிக்குப் பிசைந்து கலக்கும் வண்ணப் பேஸ்ட் என்றால் மறுபடியும் 3815 பக்கம்தான் யோசிக்க வேண்டும்.

இதில் ஒரு எச்சரிக்கை. இன்வாய்ஸில் எம்இகேபியை வெறும் ‘எம்இகே’ என்று சுருக்கி எழுத விடாதீர்கள். மெத்தில் எத்தில் கீட்டோன் வேறு பொருள், அதன் எண் 2914.12. போதைப்பொருள் தயாரிப்புக்குத் திருப்பிவிடப்படலாம் என்பதால் 1988-ஆம் ஆண்டின் ஐ.நா. ஒப்பந்தப் பட்டியலிலும் இருக்கிறது. ‘பெராக்சைடு’ என்ற சொல் விடுபட்டுப்போனால் வேண்டாத கேள்விகள் எல்லாம் வரும்.

ரப்பருக்கு: மெர்காப்டோபென்சோதயசோல் தனியாக வந்தால் 2934.20, தயூரம் டைசல்ஃபைடு 2930.30, தயாரித்த கலவை ஆக்சிலரேட்டர் என்றால் 3812.10.

ரெசினும் ஹார்ட்னரும் சேர்ந்து வரும்போது

ரெசின் ஒரு டின், ஹார்ட்னர் ஒரு டின், ஒரே பெட்டியில் கிட்டாக வந்தால் இரண்டுக்கும் தனித்தனி எண் தேடக் கூடாது. சுங்க அட்டவணையின் பிரிவு 6-இன் 3-ஆம் குறிப்பு இதைத் தெளிவாகச் சொல்கிறது. மீண்டும் கட்டாமல் அப்படியே சேர்த்து உபயோகிக்கத்தான் என்று கட்டிய விதத்திலேயே தெரிய வேண்டும். இரண்டும் ஒன்றாகச் சுங்கத்துக்கு வர வேண்டும். தன்மையிலோ அளவு விகிதத்திலோ ஒன்றுக்கொன்று துணை என்று புரிய வேண்டும். இந்த மூன்றும் பொருந்தினால், கலந்த பிறகு கிடைக்கும் பொருளின் எண்ணே முழுக் கிட்டுக்கும் எண். ஒட்டும் பசை என்றால் 3506, பெயின்ட் என்றால் அந்தத் தலைப்பு, பூசி நிரப்பும் புட்டி என்றால் 3214. ரெசின் இந்த மாதமும் ஹார்ட்னர் அடுத்த மாதமும் வந்தால் அதது அதன் தனி எண்ணில். இரண்டு வழியிலும் வரி எவ்வளவு என்று கணக்குப் போட்டுவிட்டு, அதற்கேற்ப சரக்கை அனுப்பச் சொல்வது முழுக்கச் சட்டப்படியான காரியம். வந்து இறங்கிய சரக்கைக் காகிதத்தில் மட்டும் பிரித்துக் காட்டுவது குற்றம்.

தென்னாப்பிரிக்க நீதிமன்றங்கள் இந்த விஷயத்தில் பின்பற்றும் வரிசையையும் தெரிந்துகொள்ளுங்கள். 1985-இல் ஐபிஎம் நிறுவனத்தின் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மூன்று படிகளை வகுத்தது: முதலில் தலைப்பிலும் குறிப்புகளிலும் உள்ள சொற்களுக்குப் பொருள் காண்பது, பிறகு பண்டத்தின் இயல்பை ஆராய்வது, கடைசியில் மிகப் பொருத்தமான தலைப்பைத் தேர்ந்தெடுப்பது. நீங்கள் எழுதும் விளக்கக் கடிதமும் இதே வரிசையில் இருந்தால் அதிகாரிக்குப் படிக்க எளிது. வரி குறைவான எண்ணை முதலில் மனதில் வைத்துக்கொண்டு காரணம் தேடினால் கடிதம் நெடுக அது தெரிந்துவிடும்.

அப்படியும் சந்தேகம் தீராவிட்டால் 1964-ஆம் ஆண்டின் சுங்கம் மற்றும் கலால் சட்டம், பிரிவு 47(9)-இன் கீழ் அதிகாரபூர்வத் தீர்மானம் கேட்டு விண்ணப்பிக்கலாம். சேர்மானம், விளம்பரத் தாள், தேவைப்பட்டால் மாதிரி எல்லாம் கொடுக்க வேண்டியிருக்கும். நேரம் பிடிக்கும். தொடர்ந்து இறக்கப் போகும் பொருளாக இருந்தால் அந்த நேரத்தைச் செலவிடுவதே நல்லது என்பது என் கருத்து. ஒரே ஒரு முறை வரும் நான்கு டிரம்முக்கு வேண்டியதில்லை.

வரி எவ்வளவு

இந்தியாவில் பழகியவர்கள் முதலில் மறக்க வேண்டியது கடல் கூலியையும் காப்பீட்டையும் சேர்த்த சிஐஎஃப் கணக்கை. இங்கே சுங்க மதிப்பு எஃப்ஓபி அடிப்படையில். ஏற்றுமதித் துறைமுகத்தில் கப்பலேறும் வரையான செலவு மதிப்பில் சேரும், அதன் பிறகான கடல் கூலியும் காப்பீடும் சேராது. சப்ளையர் சிஐஎஃப் விலை மட்டும் போட்ட இன்வாய்ஸ் கொடுத்தால், கூலியையும் காப்பீட்டையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கழிக்க வேண்டியதைக் கழிக்க முடியாமல் போகும்.

எண் தெரிந்ததும், வருவாய்த் துறை இணையதளத்தில் இருக்கும் அட்டவணை 1, பாகம் 1-ஐத் திறங்கள். இங்கே எல்லோரும் சார்ஸ் என்று சொல்வது இந்தத் துறையைத்தான். இந்தச் சுங்க எண்ணை ஹெச்எஸ் எண் என்பார்கள், அதன் முதல் 6 இலக்கம் உலகம் முழுக்க ஒன்றே. அதற்குமேல் உள்ளவை நாட்டுக்கு நாடு மாறும், இந்திய ஷிப்பிங் பில்லில் இருக்கும் 8 இலக்கத்தை அப்படியே இங்கே எழுதக் கூடாது. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே பல பத்திகள் இருக்கும்: பொது விகிதம், ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும், எஃப்டா (சுவிட்சர்லாந்து, நார்வே போன்றவை), சாடெக் (தென்பகுதி ஆப்பிரிக்க நாடுகள்), மெர்கோசூர் (தென் அமெரிக்க நாடுகள்), ஆப்பிரிக்கக் கண்டச் சுதந்திர வணிகப் பகுதி. இந்தியாவுக்கும் சீனாவுக்கும் தனிப் பத்தி கிடையாது, பொது விகிதம்தான். ஜெர்மனியிலிருந்து வருகிறதென்றால் 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் கீழ் சலுகை கிடைக்கலாம், ஆனால் பொருள் அங்கே உருவானதாக இருக்க வேண்டும், அதற்கான மூலச் சான்றும் வேண்டும். ஹாம்பர்க்கில் லேபிள் மட்டும் மாற்றிய சீனச் சரக்குக்குச் சலுகை இல்லை. பொது விகிதமே ‘ஃப்ரீ’ என்று இருந்தால் இந்தச் சான்றுக்காக அலையவே வேண்டாம். இதைப் பார்க்காமல் சான்றிதழுக்குப் பணம் கட்டுபவர்கள் உண்டு.

அட்டவணை 2-இல் பொருள்குவிப்புத் தடுப்பு (ஆன்டி-டம்பிங்) வரி எதுவும் உங்கள் எண்ணுக்கும் நாட்டுக்கும் இருக்கிறதா என்று ஒரு பார்வை. இறக்கியதைக் கொண்டு பொருள் செய்து மறுபடி ஏற்றுமதி செய்பவராக இருந்தால் அட்டவணை 3, 4, 5-இல் வரித் தள்ளுபடிகளும் உண்டு. அவற்றைச் சரக்கு வருவதற்கு முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்போது கணக்கு. எஃப்ஓபி மதிப்பு 2,00,000 ராண்ட், சுங்க வரி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சுங்க வரி 20,000. வாட் 15 சதவீதம், ஆனால் அதைச் சுங்க மதிப்பின் மேல் நேரடியாகப் போடுவதில்லை. மதிப்போடு அதன் 10 சதவீதத்தையும், சுங்க வரியையும் கூட்ட வேண்டும்: 2,00,000 + 20,000 + 20,000 = 2,40,000. அதில் 15 சதவீதம் 36,000. மொத்தம் 56,000 ராண்ட். அதே சரக்கு சுங்க வரியில்லாத எண்ணில் விழுந்தால் 2,20,000-க்கு 15 சதவீதம், 33,000 மட்டும். வாட் பதிவு பெற்றவர் அந்த வாட் தொகையை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறலாம். சுங்க வரி உங்கள் அடக்கவிலையில் ஏறி உட்கார்ந்துவிடும். அதனால் இரண்டையும் ஒரே செலவாகப் பார்த்து விலை போடாதீர்கள்.

பதிவும் ஏஜென்டும்

இந்தியாவில் இறக்குமதி-ஏற்றுமதிக் குறியீடு போல இங்கே சுங்கத் துறையில் இறக்குமதியாளராகப் பதிவு செய்ய வேண்டும். இணைய வழியிலேயே செய்யலாம். சரக்கு கடலில் இருக்கும்போது தொடங்காமல் முன்பே முடித்துவிடுங்கள்.

கிளியரிங் ஏஜென்டை டர்பனில் தேடினால் கோவெண்டர், நாயுடு, பிள்ளை என்ற பெயர்கள் நிறையக் கண்ணில் படும். பல தலைமுறைகளாக இங்கே இருப்பவர்கள், பேச்சு ஆங்கிலத்தில்தான் நடக்கும், ஆனால் கிளேர்வுட் கோயில் காவடியில் உங்களுக்கு முன்னால் நிற்பார்கள். பெயரைப் பார்த்து அல்ல, இரசாயனச் சரக்கு கையாண்ட அனுபவத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பெராக்சைடு இறக்கியிருக்கிறீர்களா, 47(9) விண்ணப்பம் போட்டிருக்கிறீர்களா என்று கேளுங்கள். ஏஜென்ட் நிரப்பிய அறிவிப்பானாலும் பொறுப்பு உங்களுடையது. தாக்கல் செய்யும் முன் வரைவை அனுப்பச் சொல்லி எண், மதிப்பு, நாடு மூன்றையும் நீங்களே படியுங்கள். சரக்கு வந்ததாகக் கருதப்படும் நாளிலிருந்து 7 நாளுக்குள் அறிவிப்பு தாக்கலாக வேண்டும் என்பது பொது விதி.

ஆபத்தான சரக்கு

அமீன் ஹார்ட்னர்கள் பெரும்பாலும் அரிக்கும் பொருள், வகுப்பு 8. ஐசோஃபோரோன் டைஅமீனின் ஐ.நா. எண் 2289. எம்இகேபி வகுப்பு 5.2, கரிமப் பெராக்சைடு, வழக்கமாக 3105. டொலுவீன் டைஐசோசயனேட் நச்சு, 2078. இந்த எண்கள் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஆபத்தான சரக்கு அறிவிப்பு, டிரம் லேபிள் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒன்றில் மாறினாலும் கப்பல் நிறுவனமே ஏற்ற மறுக்கும். 2021-இல் வந்த ஆபத்தான இரசாயனங்கள் பற்றிய தொழில் பாதுகாப்பு விதிகளின்படி, உலகப் பொதுமுறையிலான லேபிளும் பாதுகாப்புத் தாளும் இங்கே கட்டாயம்.

ஃபைபர் கிளாஸ்காரர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்று: எம்இகேபியையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் ஒரே பலகையில் கட்டவோ, ஒரே அலமாரியில் வைக்கவோ வேண்டாம். இரண்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடித்து வெடிக்கும். 2021 ஜூலைக் கலவரத்தில் கார்னூபியாவில் இரசாயனக் கிடங்கு எரிந்து, நஞ்சு கலந்த தண்ணீர் ஆற்றில் இறங்கியதை ஃபீனிக்ஸ் பக்கம் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உங்கள் கிடங்குக்கு நகராட்சித் தீயணைப்புத் துறையின் அனுமதி இருக்கிறதா என்று சரக்கு வரும் முன்பே பாருங்கள்.

நிறுத்திவைத்தால்

சுங்கத் துறை சரக்கை நிறுத்திப் பேப்பர் கேட்டால் கோபப்பட வேண்டாம், இரசாயனங்களில் இது சாதாரணம். சேர்மானக் கடிதம், தொழில்நுட்பத் தாள், எந்தக் குறிப்பின்படி எந்த எண் என்ற உங்கள் ஒரு பக்க விளக்கம் இம்மூன்றும் கையில் இருந்தால் பதில் அன்றே போய்விடும். இல்லாதவர்களுக்கு டெர்மினல் வாடகையும் கன்டெய்னர் வாடகையும் நாளுக்கு நாள் ஏறும். மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் டிரம்மைத் திறக்கும்போது உங்கள் ஆள் ஒருவர் கூட இருக்கட்டும். ஐசோசயனேட் காற்றின் ஈரம் பட்டாலே கெட்டுப்போகும், சரியாக மூடினார்களா என்று பார்க்க வேண்டும்.

முடிவு உங்களுக்கு எதிராக வந்தால் துறைக்குள்ளேயே மேல்முறையீடு செய்யலாம், அதன் பிறகு நீதிமன்றம். அதிகமாகக் கட்டிவிட்டீர்கள் என்று பிறகு தெரிந்தால், கட்டிய நாளிலிருந்து பொதுவாக 2 ஆண்டுக்குள் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கலாம். குறைவாகக் கட்டியது உங்களுக்கே தெரியவந்தால் நீங்களாக முன்வந்து திருத்த அறிவிப்பு போடுங்கள், அவர்கள் கண்டுபிடிக்கும் வரை காத்திருந்தால் அபராதம் கூடும்.

காகிதங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எந்த எண்ணை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்ற குறிப்பையும் சேர்த்தே வையுங்கள். ஹெச்எஸ் அட்டவணை சில ஆண்டுகளுக்கு ஒரு முறை திருத்தப்படுகிறது. பாலிமெரிக் எம்டிஐக்கு 3909.31 என்ற தனி எண் வந்ததே 2017 பதிப்பில்தான். இப்போது நடப்பது 2022 பதிப்பு, அடுத்தது 2028 ஜனவரி 1 முதல். அப்போது பழைய எண்ணை அப்படியே நகலெடுக்காமல், அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு புதிய அட்டவணையில் ஒவ்வொரு டிரம்மையும் மறுபடி தேடிப் பாருங்கள்.